மோர் குடித்த சொம்பு

ஓசூர், 12-3-1956

அப்பாவுக்கு மாரப்பன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

ஜெயிலிலிருந்து விடுதலையான ராமப்பனை உங்களை நம்பித்தான் நம் ஊருக்கு அனுப்பினேன். நேற்று இங்கே திரும்பி வந்துவிட்டான். ‘ஊர்க்கவுண்டரான நானே அவன் கையால் மோர் வாங்கிக் குடித்து, ஊரோடு சேர்த்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தீர்கள். விடுதலையானவர்களுக்கு உதவும் எங்கள் சங்கத்தில் அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

“உங்கப்பா சொம்ப வாயில வெச்சாருங்க. தொண்ட அசையல. அப்புறம் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால போயி ஊத்துனத நான் பாத்துட்டனுங்க. வேண்டான்னு நேராவே சொல்லியிருக்கலாம்” என்றான் ராமப்பன்.

அவன் குற்றம் செய்தான், நீதிபதியிடம் ஒப்புக்கொண்டான். நீங்கள் எனக்கே பொய் எழுதினீர்கள்.

கவலை வேண்டாம். என் அறையில்தான் இருக்கிறான். அவன் சமைத்ததை இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். இங்கே வந்த எட்டு மாதத்தில் நேற்றுத்தான் நான் தனியாகச் சாப்பிடவில்லை.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவிடம் கொஞ்சம் மோர்மிளகாய் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். அந்த வெண்கலச் சொம்பையும் அனுப்புங்கள். அதை நீங்கள் இனி வீட்டுக்குள் எடுக்கமாட்டீர்கள். இங்கே எங்கள் இருவருக்கும் ஒரே தம்ளர்தான் இருக்கிறது.

மாரப்பன்