பவளத்துறை வினாக்கல் குறித்துக் குறும்பொறைப் பெற்றோர்க்கு விடுத்த ஓலை

மூன்று மலைகள் முடியெனவும் முந்நீர் அரணெனவும் விளங்கும் மும்மலை நாட்டைத் தன் கண்ணெனக் காத்தருளும் பெருங்கோப்பெண்டு ஆழிமங்கை மாதேவியாரின் திருவுளப்படி, அவர்தம் கல்வி அமைச்சன் பொன்முடி வேளான், குறும்பொறையில் வாழும் தாய்மார்க்கும் தந்தைமார்க்கும், அவ்வூர்த் தலைவி நன்முல்லை அம்மைக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் கழனிகளில் கதிர் முற்றித் தலை சாய்க. உங்கள் முற்றங்களில் குழந்தைகளின் கூச்சல் என்றும் ஓயாதிருக்க.

உங்கள் ஊர்ப் பள்ளியில் நிறுத்திய வினாக்கற்களைத் துணியிட்டு மூடிக் கட்டிவிட்டு, பிள்ளைகளை மலைக்குகைகளில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் தூதர் அரசவையில் அறிவித்தார். பவளத்துறையில் ஒரு கல் பெண் குழந்தையொருத்தியை விழுங்கிற்று என்று கேள்விப்பட்டதே அதற்குக் காரணம் என்றும் சொன்னார். தூதரைக் கடிந்து அனுப்பவேண்டும் என்றனர் அவையோர் சிலர். மாதேவியாரோ, அஞ்சி நிற்கும் பெற்றோரிடம் உண்மையை மறைக்கும் அரசுக்கு அவர்களுடைய பிள்ளைகளைக் கேட்கும் உரிமை இல்லை என்று அருளிச்செய்தார். ஆகவே நான் அறிந்ததை அறிந்தவாறும், அறியாததை அறியேன் என்றும் எழுதுகிறேன். எழுத்தறிந்த ஒருவர் இதனை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படிப்பாராக.

முதலில் கல் இன்னதென்பதைக் கூறுவேன். முன்பெல்லாம் ஒவ்வோர் ஆசானும் தாம் கற்பித்த பிள்ளைகளைத் தாமே சோதித்து, எல்லோரும் நன்கு கற்றனர் என்று அரசுக்கு ஓலை விடுப்பார். அப்பிள்ளைகள் வேற்றூர் சென்றபோது, தங்கள் பெயரையும் எழுத அறியாதவராய்ப் பலர் நின்றனர். எங்கே ஆசான் போதவில்லை, எங்கே சுவடி போதவில்லை என்பது அரசுக்குத் தெரியாமலே போயிற்று. அதனால் எல்லா ஊர்ச் சிறுவர்க்கும் ஒரே அளவுகோலால் தேர்வு நடத்த மாதேவியார் ஆணையிட்டார். அதற்கென வடித்தவையே வினாக்கற்கள். கரிய பளிங்கின் உள்ளிருந்து வினா ஒளிரும். அதன்கீழ் நான்கு விடைகள் தோன்றும். குழந்தை தன் விரலால் ஒன்றைத் தொடும். சரியாகத் தொட்டால் அடுத்த வினா சற்றுக் கடினமாகும், தவறினால் சற்று எளிதாகும். இவ்வாறு ஏறியும் இறங்கியும், குழந்தை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கே கல் நின்றுவிடும். ஆதலின் எவ்வளவு கற்ற குழந்தைக்கும் தெரியாத வினா ஒன்று வந்தே தீரும். அழுதுகொண்டே வெளியே வரும் பிள்ளை தோற்றுவிட்டதாக எண்ணற்க. அந்த விடைகளைக் கொண்டு எந்தக் குழந்தையும் வகுப்பில் நிறுத்தப்படுவதில்லை. படைக்கோ பணிக்கோ குறிக்கப்படுவதுமில்லை.

இவை யாவும் உண்மை. பவளத்துறையில் நடந்ததும் உண்மை.

அவ்வூரில் கயிறு திரிக்கும் கொற்றி என்பாளின் மகள் தத்தை, எட்டு அகவையினள். தந்தை ஆடன் மரக்கலத்தில் தொலைவு போயிருந்தான். தேர்வு நாளின் காலையில் மற்றப் பிள்ளைகளின் கற்கள் தேர்வு முடிந்து ஒவ்வொன்றாக இருண்டன. அவர்கள் எழுந்து விளையாடப் போயினர். தத்தையின் கல் மட்டும் இருளவில்லை. நன்கு கற்றவள் ஆதலின் மேலும் ஏறுகிறாள் என்று மகிழ்ந்த ஆசான் நாகனார் காத்திருந்தார். உச்சிப்பொழுது ஆயிற்று. அவர் பெயர் சொல்லி அழைத்தார், அவள் திரும்பவில்லை. அருகே சென்று தூக்கியபோது, அவள் விரல் காற்றில் எதையோ தொட்டுத் தொட்டு மீண்டது.

வீட்டுக்கு வரும் வழியில் விழுந்ததால் அவள் முட்டியில் குருதி வழிந்தது. என்ன ஆயிற்று என்று தாய் பதறிக் கேட்டாள். மகள் அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நாலும் சொல்லும்மா. சொன்னாத்தானே தொட முடியும்?" என்றாள்.

வலிக்கிறதா என்றால் பேசவில்லை. வலிக்கிறதா, எரிகிறதா, அரிக்கிறதா, ஒன்றுமில்லையா என்று வரிசையாகக் கேட்டால் மட்டும் விரலை நீட்டி ஒன்றைத் தொடுவதுபோல் காட்டுவாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அண்டை வீட்டார் பயந்து தம் பிள்ளைகளை அவளிடமிருந்து விலக்கினர்.

கல் அவளை என்ன கேட்டது என்று கொற்றி நான்கு நான்காக விடை வைத்து நயமாக வினவியறிந்தாள். முதலில் கணக்கு, பிறகு வாசிப்பு. அதன்பின், உன் வீட்டுக் கதவுகளுள் திறக்கும்போது ஓசையிடாதது எது என்று கேட்டதாம். அதற்கும் பின், உன் தாய் எப்பெயரால் அழைத்தால் நீ ஓடி வருவாய் என்று கேட்டதாம். விடை நான்கில் ஒன்று 'குருணை' என்பது, தத்தை அதையே தொட்டாளாம். அப்பெயரால் தாய் மகளைக் காதோடு அழைத்ததன்றி, வேறொருவர் கேட்க ஒருநாளும் அழைத்ததில்லை.

செய்தி எட்டியதும் யான் நேரிற் சென்றேன். பள்ளிக் கூடத்தில் ஊர் முழுதும் திரண்டிருந்தது. வினா எழுதும் புலவர்கள் அத்தகைய வினாவைத் தாங்கள் எழுதவில்லை என்று சூளுரைத்ததை எடுத்துக் கூறினேன். கல்தச்சர் தலைவர் பொறையனார், எல்லா ஊர்ப் பிள்ளைகளும் தொட்ட விடைகள் யாவற்றையும் கற்கள் நினைவில் கொள்ளும் என்றும், அந்நினைவிலிருந்தே அடுத்த வினாவைத் தேரும் என்றும் கூறினார். நினைவு நிறைந்தபின் அது தானே வினா இயற்றுமோ என்று நான் கேட்டேன். அறியேன் என்றார் அவர்.

அப்போது கொற்றி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"எங்க பிள்ளைங்கள உக்கார வெச்சீங்களே, நீங்க ஒருதரம் உக்காந்து பாத்தீங்களாய்யா?" என்றாள்.

பார்த்ததில்லை என்றேன்.

"அப்ப இப்ப உக்காருங்க. நாங்களும் பாக்கறோம்."

அமர்ந்தேன். தத்தை அமர்ந்த அதே கல், சில்லென்றிருந்தது. கூட்டல் கேட்டது, தொட்டேன். நிலவளவை கேட்டது, தொட்டேன். பெற்றோர் என் தோளுக்குப் பின்னே நெருங்கி நின்று, ஒவ்வொரு வினாவாக ஆசானைப் படிக்கச் சொல்லிக் கேட்டனர். இவ்வளவுதானா தேர்வு என்று சிலர் மூச்சு விட்டனர். அதன்பின் ஒரு வினா எழுந்தது. நாகனார் அதைப் படிக்காமல் பின்னே நகர்ந்தார். தாயின் கையைப் பிடித்து நின்ற தத்தையே அதைப் படித்தாள்.

"உள்ளே இன்னும் இருப்பவர் யார்?"

கீழே நான்கு பெயர்கள். நண்டு, முயலி, சுண்டு, குருணை.

என் விரல் கல்லின்மேல் இருந்தது. அதைத் தொடவேண்டும் என்று எனக்குள் எழுந்த வேட்கையை எவ்வாறு எழுதுவேன்! பசித்தவன் சோற்றை நோக்குவதுபோல நோக்கினேன். தொடாதிருக்க முடியும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"கைய எடுங்கய்யா," என்றாள் கொற்றி. "நாலுல எதையும் தொடாதீங்க."

என் மணிக்கட்டைப் பற்றி அவளே விலக்கினாள். அமைச்சனைத் தீண்டினாள் என்று காவலர் முன்வந்தனர், நான் தடுத்தேன். அவள் மகளின் எதிரே மண்டியிட்டு அமர்ந்தாள்.

"குருணை, உங்கப்பா எப்பிடிச் சிரிப்பாரு?"

குழந்தை விரலை உயர்த்திக் காத்து நின்றது. தாய் நான்கு விடை தரவில்லை. மூன்றும் தரவில்லை. ஒன்றும் சொல்லாமல் முகத்தையே பார்த்திருந்தாள். வெயில் சாளரத்தைக் கடந்து சுவரில் ஏறிற்று. உதவலாமே என்று எவரோ முனகினர். அவர்களைக் கையசைத்து அடக்கினாள். குழந்தை விரலைத் தாழ்த்திற்று. மூக்கைச் சுருக்கிற்று. பின்னர் பன்றிக்குட்டி உறுமுவதுபோல் ஓர் ஒலி எழுப்பி, வாய் விட்டுச் சிரித்தது.

"அப்பிடித்தான்! அவரேதான்!" என்று அலறி மகளைக் கட்டிக்கொண்டாள் கொற்றி. முட்டி வலிக்கிறது என்று அப்போதுதான் அக்குழந்தை அழத் தொடங்கியது. அந்த அழுகையைக் கேட்டு ஊரே கண் கலங்கிற்று.

நான் கல்லை நோக்கினேன். குருணை என்னும் பெயர் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. மற்ற மூன்றும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

குறும்பொறைப் பெற்றோரே, மாதேவியார் இப்போது இட்டிருக்கும் ஆணை இது. இனி எவ்வூரிலும் பிள்ளைகளுக்கு முன்பாகப் பெற்றோர் கல்லின்முன் அமர்ந்து பார்ப்பர். தேர்வு நடக்கும் கூடத்தின் கதவு திறந்தே இருக்கும். விரும்பிய தாய் தந்தையர் உள்ளே நிற்கலாம். புலவர் எழுதாத வினா எழுந்தால், கல்லைத் துணியால் மூடிவிட்டுக் குழந்தையை வெளியே விடுவது ஆசானின் கடமை. கல் சொல்லும் படிநிலையை ஆசான் தம் சொல்லோடு சேர்த்தே உங்களிடம் கூறவேண்டும், தனியே கூறலாகாது. நான்கு விடை வைத்து வீட்டில் பிள்ளைகளைப் பழக்குவதை நீங்களும் விடுக. இவற்றை ஏற்கும்வரை உங்கள் கற்கள் மூடியே கிடக்கட்டும். அதற்காக உங்களுக்குத் தண்டம் இல்லை. பிள்ளைகளைக் குகைகளில் வைத்திருக்கவேண்டாம், ஈரம் நெஞ்சில் இறங்கும்.

இனி, இவ்வோலை விரைந்து வரக் காரணம் ஒன்றுண்டு. பவளத்துறைக் கல்லை நாங்கள் உடைக்கவில்லை. உடைத்தால் உள்ளிருக்கும் பெயர்கள் என்னாகும் என்பதைப் பொறையனாரும் அறியார். அப்பெயர்களை ஊர் ஊராகப் பறையறைந்து தேடினோம். நண்டு என்பவன் தென்மலையில் ஓர் உப்பு வணிகனின் மகன், பேச்சிழந்து கிடந்தான். முயலி ஒரு படைத்தலைவரின் மகள். இருவர்தம் தாய்மாரும் கொற்றியைப் போலவே கேட்டுக் காத்திருந்து மீட்டனர். அவ்விரு பெயர்களும் கல்லில் அணைந்துவிட்டன.

சுண்டு என்னும் பெயர் இன்னும் அணையவில்லை. தேடாத ஊர் உங்களுடையது ஒன்றே. கற்களை மூடுமுன் தேர்வில் அமர்ந்து இப்போது குகையிலிருக்கும் உங்கள் பிள்ளைகளுள் எவரேனும், அச்சத்தால் வாய் மூடியிருப்பதாக நீங்கள் எண்ணியிருக்கலாம். விரல் காற்றில் அசைகிறதா என்று பாருங்கள். உங்களுள் ஒருவர் வீட்டுக்குள் அழைக்கும் பெயர் அதுவாயின், இந்த ஓலையைப் படித்து முடிக்கும்வரை நிற்கவேண்டாம். எழுந்து ஓடுங்கள். நான்கு விடை இல்லாத ஒன்றைக் கேளுங்கள். விடை வரும்வரை எவ்வளவு பொழுதாயினும் பேசாதிருங்கள்.

இது பெருங்கோப்பெண்டின் ஆணை. இதனை மீறுவார் இலராகுக, அறியாதார் இலராகுக. மும்மலை இலச்சினை இட்டு, என் கைச்சாத்தும் பொறித்து, உறைகோட்டை அவையினின்று விடுத்தேன். குதிரை வீரன் உங்கள் ஊர் வாயிலிலேயே காத்து நிற்பான். சுண்டு பேசினால், அவன் பேசியதை அப்படியே எழுதி அனுப்புக. அவள் எனின், அவள் பேசியதை.

பொன்முடி வேளான்