எஃப்ராயினின் ஏழு விதைகள்

டிசம்பர் 3

துவரைக்காய் உரித்துக்கொண்டே நாற்றுத் தட்டைப் பார்த்தேன். ஏழுக்கு ஏழும் இரண்டாவது இலை விட்டிருக்கின்றன. ஒரு விதைகூடப் பழுது போகவில்லை. என் கைராசி அப்படி. எழுதும்போதே கொஞ்சம் திமிராகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் சொராய்தா வந்தாள். என் மகளுக்கு ஞானத்தாய் அவள். முப்பது வருடமாக அந்த உறவுமுறையில் ஒருவரையொருவர் 'கொமாய்' என்றுதான் கூப்பிடுகிறோம். அவள் புருஷன் எஃப்ராயின் செப்டம்பரில் போய்விட்டான். ஜூலையில், உடம்பில் எலும்பும் தோலும் மட்டும் மிச்சமிருந்தபோது, முக்காலி போட்டு உட்கார்ந்து மஞ்சள் செம்பருத்தியின் மகரந்தத்தைக் காப்பிநிறச் செம்பருத்தியில் தடவினான். காய் வெடித்து விதை சிதறக் கூடாதென்று சொராய்தாவின் புதுக் காலுறையை வெட்டிக் கட்டினான். காய் முற்றியபோது அவன் இல்லை.

"நான் தொட்டா கள்ளியே செத்துப்போகும் கொமாய். நீயே வளத்துக் குடு" என்று விதைகளை அந்தக் காலுறைத் துண்டோடும் அவன் எழுதிய சீட்டோடும் என் மடியில் போட்டவள் அவள்தான். இன்று தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "எங்களுக்குத்தான் பிள்ளை குட்டி இல்லையே. இந்த ஏழும்தான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

டிசம்பர் 24

இன்று எதுவும் எழுத மாட்டேன்.

டிசம்பர் 26

எழுதித் தொலைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

நேற்று முன்தினம் காலையில் அண்ணன் வீட்டுக் கிறிஸ்துமஸ் பன்றி விருந்துக்குக் கிளம்பினோம். அண்டாவில் துவரைச் சோறு. வண்டியில் ஈ மொய்க்காமல் மூட ஒன்றும் அகப்படவில்லை. நாற்றுத் தட்டின் மேலிருந்த கம்பி வலையை உருவினேன். நானேதான். என் கணவர் சேயோ பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதை எடுக்காதேடி. மதில் மேல அந்த இலைதின்னி ஓணான், இகுவானா, நோட்டம் விடுது."

"ஒரு நாளைக்குத்தானே? அதுக்கும் இன்னிக்குப் பண்டிகைதான்" என்றேன். பெரிய நகைச்சுவை!

பாடி, ஆடி, தேங்காய்ப்பால் ரம் இரண்டு கோப்பை குடித்துவிட்டு வெயில் இறங்கும் முன் திரும்பினோம். தட்டில் ஏழு குச்சிகள். குச்சிகூட இல்லை, அடிக்கட்டை. பச்சைத் தடியன் மதில் மேலேயே வயிறு புடைக்கக் கிடந்தான். செருப்பை எறிந்தேன். ஓடக்கூட இல்லை, நகர்ந்து படுத்தான்.

ஒரு அண்டா சோற்றுக்காக.

டிசம்பர் 28

செய்துவிட்டேன்.

எஃப்ராயினின் விதைகளைப் போட்ட அதே வாரத்தில் நான் எனக்கென்று போட்ட நாற்றுகள் குளியலறை ஜன்னலில் இருக்கின்றன. என் வேலியிலிருக்கும் வெள்ளைக்கும் ரோஸுக்கும் பிறந்தவை. அதில் நன்றாக இருந்த ஒன்றைத் தொட்டியில் வைத்து, எஃப்ராயின் கையால் 'காப்பி, மஞ்சள்' என்று எழுதிய சீட்டை அதன் கழுத்தில் கட்டினேன். ஆறு அழுகிவிட்டது, ஒன்று பிழைத்தது — இதுதான் கதை.

யாராலும் கண்டுபிடிக்க முடியாது. விதையிலிருந்து வரும் செம்பருத்தி அம்மா மாதிரியும் பூக்காது, அப்பா மாதிரியும் பூக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். அது தெரிந்துதான் துணிந்தேன்.

"கடவுளுக்குத் தெரியும்" என்றார் சேயோ.

"கடவுள் செம்பருத்தி வளக்கிறாரா என்ன?" என்று கத்திவிட்டேன்.

ஜனவரி 7

சொராய்தாவிடம் சொன்னேன். ஆறு செத்த கதையைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு, "நீ ஏன் அழறே கொமாய்? உன் புண்ணியத்துல ஒண்ணாவது பொழைச்சுதே!" என்றாள்.

எனக்கு ஆறுதல் சொன்னாள்! எனக்கு!

மார்ச் 17

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நேராக இங்கே வந்துவிடுகிறாள். தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி. யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, யார் பெண் யாரோடு ஓடினாள் எல்லாம் அந்தச் செடியிடம் சொல்கிறாள். கிளம்பும்போது இலைக்கு ஒரு முத்தம்.

நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று. இனி குத்துதே குடையுதே என்று யாரிடம் புலம்ப?

மே 2

இன்று சொல்லிவிடுவது என்று அவள் வீட்டுக்குப் போனேன். கொய்யா இனிப்பு வைத்துக் கொடுத்தாள். தின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11

செடி இடுப்பு உயரம். "பூத்ததும் எஃப்ராயின்னே பேர் வைக்கப்போறேன். ஊர்ல இருக்கிற பூவுக்கெல்லாம் அவர்தான் பேர் வச்சாரு, அவருக்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்றாள். வேண்டும்தான் என்றேன். வேறென்ன சொல்ல? வாய் இருக்கிறதே எனக்கு, பொய்க்கு மட்டும் நன்றாகத் திறக்கிறது.

நவம்பர் 9

மொட்டு நாளைக்கு விரியும். சேயோ சொல்கிறார்: "இன்னிக்கே போய்ச் சொல்லிடு. அந்தப் பேரை வச்சப்புறம் சொல்றது மகா பாவம்." அவர் பேசுவது எப்போதும் எரிச்சல், சரியாக இருக்கும்போது இன்னும் எரிச்சல்.

போகவில்லை.

நவம்பர் 10

சொராய்தா ஏழு மணிக்கே வந்தாள். தலை வாரி, உதட்டுச் சாயம் பூசி, நீலச் சட்டை போட்டுக்கொண்டு.

பூ விரிந்திருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி ஒரு ரோஸ். சின்னது. இதழ் துவண்டு கிடந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள், நானும் தப்பித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவள் துவண்ட இதழை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். "இதுக்குத்தானா?" என்றாள்.

"கடைசி மூணு மாசம் என் பக்கத்துல உக்காரவே இல்லே கொமாய். கூப்பிட்டா, இரு, இதை முடிச்சுட்டு வரேன், பூத்தா நீ அசந்துபோயிடுவேன்னாரு. இந்தச் சோகை பிடிச்ச பூவுக்கா? இதுக்கா என்னை விட்டுட்டு அங்க உக்காந்திருந்தாரு?"

செடியைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

நான் செத்தவன் பேரையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. "அது அவரோடது இல்லே" என்றேன். வலை, சோறு, இகுவானா, சீட்டு, எல்லாம் சொன்னேன். நடுவில் ஒரு தடவைகூட மூச்சு விட்டதாக நினைவில்லை.

அவள் சீட்டின் முடிச்சை அவிழ்த்தாள். அவசரப்படாமல் அவிழ்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"நெரெய்தா" என்றாள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் பெயர். "பத்து மாசம் இதுக்கு முத்தம் குடுக்க வச்சிட்டியேடி. நீ உள்ளேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

ஆமாம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நவம்பர் 11

பூ விழுந்துவிட்டது. ஒரு நாள்தானே அதற்கு ஆயுசு.

நவம்பர் 24

அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, கதவு திறக்கவில்லை. கோழிச் சூப்பைப் படியில் வைத்துவிட்டு வந்தேன். மதியம் அதே தூக்கு என் கேட்டில் தொங்கியது. கழுவாமல், திறக்காமல், கனமாக. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டிசம்பர் 8

இன்று காலை ரொட்டி வாங்கிக்கொண்டு அவள் வேலியோரமாகத் தலையைக் குனிந்தபடி வந்துகொண்டிருந்தேன்.

"ஏய்" என்று குரல்.

உள்ளே செம்பருத்திகளுக்கு நடுவில் சொராய்தா. மூக்குக் கண்ணாடி, கையில் சின்னத் தூரிகை, மூக்கு நுனியெல்லாம் மஞ்சள் பொடி. காப்பிநிறப் பூ ஒன்று கசங்கிக் கீழே கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "எதுலேருந்து எதுக்கு?"

"மஞ்சளோட பொடியை எடுத்துக் காப்பிக்குத் தடவணும்."

"எங்க தடவணும்?"

பழக்க தோஷம், கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்த் தூரிகைக்குக் கை நீட்டினேன். அவள் அதை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"சொல்லிக் குடு. கை வைக்காதே."

"பூவோட நடுத்தண்டு நுனியில அஞ்சு குமிழ் இருக்கு பாரு, அஞ்சுலயும் படணும். அழுத்தாதே, மெதுவா" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன். மூன்றாவது பூவில்தான் அவளுக்குச் சரியாக வந்தது.