உள்ளங்கையில் நின்ற தேங்காய்

இன்று கூடுவாஞ்சேரியில் ஒரு புது மனையில் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்க்கும்போது அது உருண்டு சாக்கடைக்குள் விழுந்துவிட்டது, பாப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துழாவினேன். போர்வெல் வண்டிக்காரர் விடவில்லை. "இன்னா அண்ணா, அங்கதான் தண்ணி கீதுன்னு சொல்லுதா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். தேங்காயை எடுத்து அதன் குடுமியைத் துடைத்தபோது அந்த நார் வாசனை வந்தது. அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை மூன்று முறை எழுதியவன் நான். எனக்குப் பிறந்த நீ தாம்பரத்துக் கல்லூரியில் இயற்பியல் படித்தாய். ஒருநாள் பிரவுசிங் சென்டரிலிருந்து நாலு தாளோடு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை மறித்து உட்கார்ந்தாய்.

"ரெண்டு சேட்டிலைட் ஒண்ணு பின்னாடி ஒண்ணா பூமியச் சுத்துதுப்பா. நடுவுல இங்கேர்ந்து பெரம்பலூர் தூரம். நீ ஸ்கூட்டர்ல முன்னாடி போற, மாமா பின்னாடி வர்றாருன்னு வெச்சுக்கோ. இறக்கம் வந்தா உனக்குத்தான் முதல்ல வேகம் கூடும், இடைவெளி அதிகமாகும். அதே மாதிரி, கீழ கனம் இருந்தா முன்னாடி போறத முதல்ல இழுக்கும். அந்த இடைவெளிய அளக்கறாங்க. தலைமுடி தடிமனளவு கூட மாற வேணாம், தெரிஞ்சிடும்."

"கனம்னா மலையா?"

"தண்ணியும் கனம்தானே. மலை அங்கேயே இருக்கும். நிலத்தடித் தண்ணி குறைஞ்சா அந்த இடத்தோட இழுப்பும் குறையும். வடக்க குறைஞ்சுகிட்டே போறத இப்படித்தான் கண்டுபிடிச்சாங்க."

"அப்ப என் பொழப்பு பேஜார்தான்."

"பயப்படாத. அதுக்கு ஒரு மனை, ஒரு வீடெல்லாம் தெரியாது. பெரிய பரப்பாத்தான் பாக்கும். மனைக்கு நீதான்." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: "நிஜமாவே உன் தேங்கா தானா எழுந்து நிக்குதாப்பா?"

"தேங்காயக் கேளு" என்று சிரித்து மழுப்பினேன். எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை. இங்கே தண்ணீர் என்று மனதில் பட்டதும் அது எழுந்து நிற்கும். கை எழுப்புகிறதா, பூமி எழுப்புகிறதா என்று இருபது வருடமாக நான் பிரித்துப் பார்த்ததில்லை.

பிறகு உனக்கு அந்த டெங்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் சாயங்காலம் கேளம்பாக்கத்தில் வேலை முடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போவதாகச் சொல்லியிருந்தார்கள். நீ என் பையைப் பார்த்தாய்.

"தேங்கா இருக்கா? எனக்குப் பாருப்பா. நின்னா பொழச்சுப்பேன்."

"வாயக் கழுவுடி" என்றாள் உன் அம்மா.

உள்ளங்கையில் படுக்க வைத்து, உன் கட்டிலுக்கு மேலே நீட்டினேன். குடுமி மேலே வர எழுந்து நின்றது. நீ சிரித்தாய். "சேட்டிலைட்டே தோத்துச்சு போ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் காலை நீ இல்லை.

அந்த இரண்டும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. வாசலில் நின்று சில நாள் மேலே பார்க்கிறேன். உன் நாற்பத்து மூன்று கிலோ இந்த வீட்டிலிருந்து குறைந்துபோனது அவற்றுக்குத் தெரிந்திருக்காது. ஒரு வீடெல்லாம் தெரியாது என்று நீதான் சொன்னாயே.

பையில் இருப்பது ஆஸ்பத்திரிக்கு வந்த அதே தேங்காய். உள்ளே தண்ணீர் வற்றி, ஆட்டினால் பருப்பு கடகடவென்கிறது. நீரோட்டம் பார்க்கத் தண்ணீருள்ள காய்தான் வேண்டும். இது கையில் நிற்காமல் உருளுகிறது. "வேற காய் எடுத்துட்டுப் போங்களேன்" என்கிறாள் உன் அம்மா. நாளைக்கு என்கிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன். உன்னிடமும் அன்று சொல்லவில்லை.

அன்று அது அசையவே இல்லை, பாப்பா. நடுவிரலால் நான்தான் நிமிர்த்தினேன்.