பதிமூணாம் நம்பர் கம்பி

உத்திரமேரூர்
8.9.2024

சோபியாவுக்கு,

முத்துவேல் எழுதறது. நல்லா கீறியா? நான் நல்லா கீறேன்னு எழுதினா அது பொய்யாப் பூடும், அதனால அத்த விட்டுட்டேன்.

போன் போட்டா நீ எடுக்கறதில்ல. எடுத்தாலும் நான் ஒண்ணு சொல்ல, நீ ஒண்ணு சொல்ல, கட் ஆயிடுது. அதான் கடுதாசி. கடுதாசில யாரும் கத்த முடியாது பாரு.

நீ கூரத்துக்கு உங்க அக்கா வூட்டுக்குப் போனதுலேர்ந்து கிட்டார் ஆணியிலயேதான் தொங்கிக்கினு கீது. கோவத்துல துணிமணிய எடுத்துக்கினே, அத்த மட்டும் விட்டுட்டுப் பூட்டே. "வாசிக்கக் கூடாதுன்ற வூட்ல நான் பொழைக்க மாட்டேன்"னு சொன்னியாமே, பக்கத்து வூட்டு ராணியம்மாள் அக்கா சொன்னாங்க. வாசிக்கக் கூடாதுன்னு நான் எப்பமே சொன்னேன்? காது வலிக்குதுன்னுதானே கத்தினேன்.

நேத்து கடை லீவு. கிட்டார எறக்கி மடியில வெச்சிக்கினு ஒவ்வொரு கம்பியா கட்டை வெரலால தட்டிப் பாத்தேன். ஒரு அதிசயம் கண்டேன். தடியா கீற நாலு கம்பியும் காத ஒண்ணும் பண்ணல. கடைசில கீதே ரெண்டு, மொட்டைக் கம்பி, அது மட்டும்தான் சோத்தாங்கை பக்கத்துக் காதுல சுருக்குன்னு ஏறுது. தடிக் கம்பியெல்லாம் சுத்து வயர் போட்டது. எவன் சுத்தினானோ, ஒரு சுத்து கூட விலகல. நான் மோட்டாருக்குக் காயில் கட்டி இத்தினி வருசமாவுது, எனக்கே பொறாமையா கீது. அந்த ரெண்டு கம்பிக்கு மட்டும் ஏன் சுத்தாம விட்டான்? கடையில முப்பத்தாறாம் நம்பர் காப்பர் வயர் கீது, முடி மாதிரி. மேல ஒரு சுத்து சுத்திப் பாக்கட்டுமா?

பதில் போடு. நீ வரணும், அவ்ளோதான் என் கணக்கு. அதுக்குக் கம்பி குறுக்க நின்னா கம்பியப் பாக்கறேன்.

முத்துவேல்

*

கூரம்
15.9.2024

முத்துவேல் அவர்களுக்கு,

கர்த்தர் கிருபையில நான், அக்கா, புள்ளைங்க எல்லாரும் சுகம்.

ஐயோ சாமி, காப்பர் வயர் எதையும் என் கிட்டார் மேல சுத்தாதீங்க! அது பம்புசெட்டா? கம்பி செத்துப் போயிடும். கடுதாசியப் படிச்சிட்டு அக்கா சிரிச்சா. நான் சிரிக்கல.

காது வலிக்குதுன்னு கத்தினீங்களாம். கோயில் பாட்டுக் குழு மொத்தமும் நம்ம வூட்டுக்கு வந்து, பாய் போட்டு உக்காந்து பழகிட்டிருந்தப்போ, கடையிலேர்ந்து வந்ததும் வராததுமா "அந்த எழவக் கீழ வைடி"ன்னு சொன்னீங்களே. தேவயானி டீச்சர் டம்ளரக் கூடக் கீழ வைக்காம எழுந்து போனாங்க. அன்னிக்கு அவமானம் எனக்கா, கிட்டாருக்கா? வலின்னா வலின்னு சொல்லலாம். மனுஷங்களுக்குத்தான வாய் குடுத்திருக்கு.

ஆனா நீங்க கண்டுபிடிச்சது சரி. அதை ஒத்துக்கணும். அந்த ரெண்டு கம்பியும் எனக்கே கொஞ்சம் கீச்சுக் கீச்சுன்னுதான் இருக்கும். கம்பி மெலிசா இருந்தா சத்தமும் மெலிஞ்சு, கூரா வரும். கனமான கம்பி போட்டா அதே சுருதி உருண்டு வரும். செட்டு முழுக்க மாத்த வேணாம், தடிக்கம்பி நாலும் அப்படியே இருக்கட்டும். ஒண்ணாவதும் ரெண்டாவதும் மட்டும் ஒரு நம்பர் கனமா வாங்கிப் போடுங்க. காஞ்சிபுரத்துல பாட்டுச் சாமான் கடையில தனித்தனியாவே குடுப்பாங்க.

இது நான் திரும்பி வரேன்னு அர்த்தம் இல்ல. கேட்டீங்க, சொன்னேன்.

சோபியா

*

உத்திரமேரூர்
29.9.2024

சோபியாவுக்கு,

நல்லா யோசனை சொன்னேமே! உனக்கு இன்னா, என் காதப் பழி வாங்கணும்னு எண்ணமா?

பெருநகர் கிராமத்துலேர்ந்து வந்த சப்மர்சிபிள் மோட்டாரு அப்படியே கெடக்க, கொண்டாந்தவன் நாத்து காயுதுன்னு வந்து கத்த, அத்தையும் வுட்டுட்டு காஞ்சிபுரம் போனேன். பழைய கவர் மேல ஒண்ணாவது கம்பி பன்னெண்டு, ரெண்டாவது பதினாறுன்னு போட்டு கீது. நீ ஒரு நம்பர் கனமா சொன்னே. எனக்கு அர மனசா ஒரு வேலை செய்யத் தெரியாது. ரெண்டு நம்பர் கனமாவே, பத்தும் பதினாலும் வாங்கியாந்தேன். போன்ல சுருதி பாக்க முள்ளு காட்டுமே, அத்த வெச்சி சுருதி ஏத்தினேன். தட்டினேன்.

அம்மாடி! ஊசிய எடுத்துக் காதுல சொருகினாப்ல கீது. மொதல்ல இருந்ததே தேவல. கம்பியும் லொட லொடன்னு ஆடுது. பஞ்சு வெச்சிக்கினுதான் இத்த எழுதறேன். கனமா போட்டா உருண்டு வரும்னியே, எங்க உருண்டுச்சு?

வர இஷ்டம் இல்லன்னா வரலன்னு சொல்லிடு சோபியா. இப்படி அலைய வுடாதே. இங்க ஒருத்தன் தனியா ஆக்கித் துன்னுக்கினு, கடையச் சாத்திட்டு வந்தா செவுரப் பாத்துக்கினு கெடக்கறான். பேஜாரா கீது.

முத்துவேல்

*

கூரம்
6.10.2024

மாமா,

படிச்சதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பழி வாங்கறேனாம். கடுதாசியக் கிழிச்சுப் போடப் போனேன். அப்புறம் "பத்தும் பதினாலும்"னு எழுதியிருந்தீங்களே, அதைத் திரும்பப் படிச்சேன். கனம் கேட்டா எந்த மனுஷனாவது பன்னெண்டுலேர்ந்து பத்துக்கு இறங்குவானான்னு யோசிச்சு யோசிச்சு, அரிசி களையறப்போதான் உறைச்சுது. சிரிப்பு வந்துச்சு பாருங்க, அக்கா அடுப்ப விட்டுட்டு ஓடி வந்துட்டா.

உங்க காயில் வயருக்கு நம்பர் ஏறினா மெலிசு. முப்பத்தாறுன்னா முடி மாதிரின்னு நீங்களே எழுதினீங்க. கிட்டாருக்கு அது தலைகீழ். நம்பர் ஏறினா தடி! நீங்க கனம்னு நெனச்சு இருக்கறதுலயே மெலிசாப் பாத்து வாங்கி மாட்டியிருக்கீங்க. குத்தாம என்ன பண்ணும்? நம்பர எழுதாம விட்டது நான். ஆனா ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? கையில வயர் பிடிச்சாலே அளவு சொல்றவரு, கவர நம்பி ஏமாந்தீங்களே.

இப்பத் தெளிவா எழுதறேன். ஒண்ணாவது பதிமூணு, ரெண்டாவது பதினேழு. தலைப்பக்கம் கம்பி உக்கார்ற பள்ளம் இறுக்கமா இருந்தா எமரிப் பேப்பர மடிச்சு லேசா, ரொம்ப லேசா ஒரு இழுப்பு. அப்புறம் ஆறு கம்பியையும் அரைச் சுருதி இறக்கி வைங்க. கனக்கம்பி போட்டா முறுக்கு கூடும், இறக்கினா கிட்டார் பொட்டிக்கும் நல்லது, சத்தமும் இன்னும் பதமா வரும். நகத்தால தட்டாதீங்க. ஓட்டைக்கு மேல, வெரல் சதையால தொடுங்க.

இன்னொண்ணு கேக்கணும். கம்பி கீச்சுன்னு இருந்தா எல்லாருக்கும் கீச்சுன்னு இருக்கும். ஆனா யாருக்கும் வலிக்கல, உங்களுக்கு மட்டும் ஏன் வலிக்குது? அதுவும் ஒரு காதுல? மோட்டார் சூடேறினா காரணம் தேடாம விடுவீங்களா? நம்ம பாட்டுக் குழு பிரபா தம்பிக்கு காஞ்சிபுரம் காது டாக்டரத் தெரியும். கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கேன். மறுபேச்சு பேசாமப் போங்க.

ஒழுங்காச் சாப்பிடுங்க.

சோபியா

*

உத்திரமேரூர்
10.11.2024

என் சோபியாவுக்கு,

அடச்சீன்னு ஆயிடுச்சு. இத்தினி வருசம் வயரோட வாழ்ந்துட்டு நம்பர்ல உழுந்தேனே! கடையில யாருக்கும் சொல்லல, சொன்னா மானம் பூடும். பதிமூணாம் நம்பர் வாங்கியாந்ததும் மொதல் வேலையா மைக்ரோமீட்டர் வெச்சிப் பாத்தேன். பதிமூணுன்னா இஞ்சுல ஆயிரத்துல பதிமூணு பங்கு, அந்தக் கணக்கு. சரியா கீது. இதுக்கு மேல எந்தக் கவரையும் நம்ப மாட்டேன்.

மாட்டினேன். நீ சொன்னாப்லயே அரைச் சுருதி எறக்கினேன். சதையால தொட்டேன். சோபியா, குத்தலமே! நெசமா குத்தல. மொதல்ல தகரத்தக் கீறினாப்ல இருந்தது இப்ப பித்தளைச் சொம்பத் தட்டினாப்ல வருது. எனக்குப் பாட்டு தெரியாது. சும்மா ஒண்ணாவதும் ரெண்டாவதும் மாத்தி மாத்தித் தொட்டுக்கினே இருந்தேன். நாஷ்டா ஆறிப்போச்சு.

டாக்டர்கிட்டயும் போனேன். பிரபா கூட வந்தான். ஒரு கண்ணாடி ரூம்புல குந்த வெச்சி, காதுல மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்கன்னாங்க. அமுக்கிக்கினே இருந்தேன். அப்பால சத்தமே வரல. மிஷினு நின்னு போச்சுன்னு நெனச்சி, "இன்னாம்மா, கரண்டு பூட்ச்சா?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு, "இல்லண்ணா, சத்தம் வந்துக்கினுதான் கீது"ன்னுச்சு.

கிரைண்டரு, டெஸ்டிங்குல ஓடற மோட்டாரு, எல்லாம் சேர்ந்து தின்னுருச்சாம். மெலிசான சத்தம்தான் மொதல்ல போவுமாம். மெதுவா வந்தா கேக்காது, கொஞ்சம் பலமா வந்தா ஒரேயடியாக் குத்தும், அதான் வலின்னாரு. சோத்தாங்கை பக்கம் ஜாஸ்தி, பீச்சாங்கை பக்கமும் ஆரம்பிச்சிருச்சு. போனது வராது. காதுக்கு மூடி போட்டு வேலை செஞ்சா மிச்சம் கீறத்தக் கொஞ்ச நாள் காப்பாத்தலாம். அப்பால ஒண்ணாவது கம்பி எனக்குக் கேக்காமலே பூடும்போல கீது.

பயமா கீது. உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்வேன்?

கிட்டார வெக்கோல் சுத்தி, சாக்குல கட்டி, பாண்டியன் டெம்போவுல அனுப்பறேன். கிறிஸ்துமஸ் வருது, வூடு வூடாப் பாட்டுப் பாடப் போவீங்க, அங்கயே வாசி. நீ வரணும்னு இனி கேக்க மாட்டேன். செவுடன்னு இரக்கப்பட்டு ஒருத்தி வந்து நிக்கறத என்னால பாக்க முடியாது. ரெண்டு கம்பிய ஒயுங்காப் போட்டுக் குடுத்தேன், அந்த மட்டும் எனக்குப் போதும்.

உன்
முத்துவேல்

*

கூரம்
18.11.2024

என் மாமாவுக்கு,

கிட்டார் பத்திரமா வந்தது. வெக்கோலப் பிரிக்கவே அரை நாள் ஆச்சு.

நேத்து இந்த ஊர்க் கோயில்ல வாசிச்சேன். பல்லவிக்கு மேல ஏறற எடத்துல எப்பவும் கீச்சுன்னு ஒரு முள்ளு வருமே, அது இல்ல. பாடற குரல அமுக்காம கூடவே போகுது. சிட்டம்மாள் அக்கா வந்து, "புதுசா வாங்கினியா?"ன்னு கேட்டாங்க. பழசுதான், எங்க வூட்டுக்காரரு கம்பி மாத்திக் குடுத்தாருன்னேன். சொல்றப்போ பெருமையா இருந்தது. வாசிச்சு முடிச்சு நிமிந்து பாத்தா எதிர்ல உக்காந்திருந்தவங்க எல்லாரும் நல்லாக் காது கேக்கறவங்க. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

கேக்கற காலத்துல கத்துவீங்க, கேக்காமப் போகப்போகுதுன்னதும் மூட்டை கட்டி அனுப்பிடுவீங்களா? யாரு கேட்டா கிட்டார இங்க? வேணுங்கறது வேணும்னு சொல்லத் தெரியாத மனுஷனக் கட்டிக்கிட்டு நான் படற பாடு! இரக்கமாம். அது என் வூடு மாமா. என் வூட்டுக்கு வரதுக்கு நான் யார்மேல இரக்கப்படணும்?

வர வெள்ளிக்கிழமை காலைல கிளம்பி வரேன். கடையில காதுக்கு மூடி இல்லாம உங்களப் பாத்தேன்னா அன்னிக்கு நான் கத்துவேன், தெரு கேக்கும். டிசம்பர் பாட்டெல்லாம் நம்ம வூட்லதான் பழகப் போறோம். தேவயானி டீச்சர நீங்களே போய்க் கூப்பிடணும், அது உங்க வேலை.

சாயங்காலம் எனக்கு வலது பக்கமா உக்காந்துக்குங்க, பீச்சாங்கைக் காது என் பக்கம் இருக்கும். கேக்கற வரைக்கும் கேளுங்க. ஒண்ணாவது கம்பி போயிடுச்சுன்னா ரெண்டாவது இருக்கு. அதுவும் போச்சுன்னா, ஓடற மோட்டார் மேல உள்ளங்கைய வெச்சு பேரிங் பாப்பீங்களே, அந்த மாதிரி பொட்டி மேல கைய வெச்சுக்குங்க. நான் வாசிக்கறத நிறுத்த மாட்டேன்.

உங்க
சோபியா