கவிழ்த்துப் போட்ட பாவுகல்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? முழங்கால் வலி குறைந்ததா? ஆஸ்பத்திரி முற்றத்துக்குக் கல் போடும் வேலையை முடித்துவிட்டேன். திறப்பு விழாவில் என்னையும் பேசச் சொல்கிறார்கள். அகராதி ஆபீசில் குப்பை கொட்டும் நீதான் காப்பாற்ற வேண்டும். பாவுகல் என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? "பாவம் செஞ்ச கல்லா?" என்று ஒருத்தன் கேட்டுச் சிரிக்கிறான்.

உன் தம்பி

ஜூன் 11

அன்புத் தம்பி,

பாவத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பாவுதல் என்றால் பரப்புதல். நாற்றங்காலில் விதை பாவுகிறார்கள். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டும் நூலுக்கும் பாவு என்றுதான் பெயர். தரையில் பரப்பிய கல், பாவுகல்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நேற்று ஆசையாக உன் முற்றத்தைப் பார்க்கப் போனேன். மழையில் ஓரத்துக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. தோட்டக்காரர் அதைப் புரட்டினார். அடியில் மண் அப்பிய எழுத்துகள்: 'எங்கள் செல்ல மகள்.' பிறந்த நாள், இறந்த நாள். இரண்டு வயதுகூட ஆகவில்லை. சற்று முன் அதன் மேல் நின்றுதான் நான் காபி குடித்திருக்கிறேன். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"இன்னும் சிலதப் பாத்தேம்மா, எல்லாம் இப்படித்தான்" என்றார் அவர்.

எங்கிருந்துடா கொண்டுவந்தாய்?

அக்கா

ஜூன் 15

அக்கா,

நீ எதையும் ஊதிப் பெரிதாக்குவாய். பழைய கல்லறைத் தோட்டத்தைக் காலி செய்தார்கள், கேட்பாரற்றுக் கிடந்தது. நல்ல கருங்கல். கவிழ்த்துத்தானே போட்டிருக்கிறேன், யார் கண்ணுக்குத் தெரியும்? என் வீட்டு வாசலிலும் அதுதான். பிள்ளைகள் அதில்தான் விளையாடுகிறார்கள், என்ன ஆகிவிட்டது? சொல் விளக்கம் பிரமாதம், மேடையில் உன் பெயரையும் சொல்கிறேன். தோட்டக்காரனை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காதே.

தம்பி

ஜூன் 22

உன் கடிதத்தை விரல் நுனியில் பிடித்துத்தான் படித்தேன். நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி படித்தாள். உடனே கடப்பாரையை எடுத்துவந்தாள். முதல் கல்லிலேயே யாரோ ஒரு பெரியவரின் பெயர்.

"இதுல உக்காந்துதான் அண்ணி புள்ளைக்குச் சோறு ஊட்டினேன்" என்றாள். அப்புறம் கையைக் கழுவினாள், கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளைகளோடு இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். அந்த வாசலை இனி மிதிக்க மாட்டாளாம். ஆஸ்பத்திரிக்கு நானே போய்ச் சொல்லிவிட்டேன், முற்றத்தைப் பெயர்க்கிறார்கள். பெயர்களைப் பேப்பரில் போடப்போகிறார்கள். சொந்தக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு நீ பதில் சொல்.

எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது.