தண்ணீரில் அழியாத மை

ஏப்ரல் 28
சித்தியின் ஆய்வகத்தில் மூன்றாவது நாள். லீவில் தம்பியோடு மல்லுக்கு நிற்பதற்கு இது மேல் என்று அம்மா என்னை அனுப்பிவிட்டாள். கண்டத்திட்டு, கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடி, என்று பூகோளப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் சேறு ஜாடியில் என் மூக்குக்கு எதிரே இருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. சல்லடையில் அலசி மிஞ்சியதில் ரோஜா நிறச் சாயம் ஊற்றியிருக்கிறார்கள். உயிராக இருந்ததெல்லாம் சிவந்துவிடும். மணல் மணலாகவே இருக்கும். ஒரு கரண்டியில் இன்று அறுபத்திரண்டு பொறுக்கினேன். மயிர் முளைத்த புழுக்கள், எள்ளளவு சிப்பிகள், ஒரு குட்டி நட்சத்திரம். அதற்கு நாலு கைதான் இருந்தது. ஐந்தாவதை இருபது நிமிடம் தேடினேன். "அதுகூட இவ்ளோ கவலைப்பட்டிருக்காதுடி" என்றாள் சித்தி.

ஏப்ரல் 30
படகிலிருந்து சேறு அள்ளி வருபவர் இன்று வந்தார். எல்லோருக்கும் அவர் மீசைக்காரர், எனக்கு மாமா. ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் அவர் எழுதிய ஒரு சீட்டு மிதக்கிறது. துறைமுகச் சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டும் இடமா, தூரத்தில் உள்ள சுத்தமான இடமா என்பது அதில் இருக்கும். வெளியே எழுதினால் துடைபட்டுப் போகுமாம், மூடியும் மாறிவிடுமாம். ஜாடிக்கு அந்தச் சீட்டுதான் பெயர்.
"மாமா, இது எழுத்தா, புழுவா?"
"படகு ஆடுறப்ப நீ எழுதிப் பாரு பாப்பா. புழுவே தேவலாம்னுவே."

மே 2
சித்தி கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு நல்ல காரியம் செய்தேன். நாலு ஜாடிகளின் சீட்டுகளை இடுக்கியால் எடுத்து, அதே மாதிரித் தாளில், கையெழுத்துப் போட்டியில் பரிசாக வந்த என் பேனாவால் முத்து முத்தாக எழுதிப் போட்டேன். மை கரையாது என்று பெட்டியிலேயே இருக்கிறது. இருந்தாலும் ஒரு சீட்டைக் குழாயடியில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. பழையவற்றைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். சித்தி தானாகப் பார்த்து ஆச்சரியப்படட்டும்.

மே 5
ஜாடியில் இருப்பது தண்ணீர் இல்லை. ஆல்கஹால்.
நாலு சீட்டும் வெள்ளை. திரவத்தில் லேசாக நீலம். எந்த ஜாடியில் எதை எழுதினேன் என்பதும் நினைவில்லை. நான் ஏன் சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? எல்லாரும் பென்சிலில் எழுதுவதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்?

மே 6
குப்பை போன வாரமே போய்விட்டது. சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 7
சித்தி பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போயிற்று. ஆய்வகத் தலைவர் வந்து ஒரு சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "பேனா! படகுல பேனால எழுதியிருக்கான்!" உடனே மாமாவுக்குப் போன் போட்டார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.
"நான் பென்சில்லதான் சார் எழுதினேன்."
"அப்ப பேய் வந்து அழிச்சுதா? வெள்ளிக்கிழமை வந்து, தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்த தடவை வேற ஆளைப் பாத்துக்கறேன்."
நான் நட்சத்திரத்தின் கையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டிருந்தேன். பூதக்கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை.

மே 8
ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சேறு கொட்டுகிற இடத்தில் சிப்பிகள் மூச்சுமுட்டிச் செத்திருக்கும், ஒல்லிப் புழுக்கள்தான் மிஞ்சியிருக்கும். சுத்தமான இடத்தில் எல்லாமே இருக்கும். அப்படியென்றால் பூச்சிகளை எண்ணினாலே எந்த ஜாடி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாமே! சித்தியிடம் ஓடினேன்.
அவள் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். "கொட்டுறதால பூச்சிங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த வேலையே. பூச்சிய வெச்சு இடத்தை நாமளே முடிவு பண்ணிட்டு, அப்புறம் பாருங்க, இடத்தால பூச்சி மாறிடுச்சுன்னா? அது பொய்டி. அழகா கணக்குப் போட்ட பொய்."
பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல், "பதினோரு வருஷமா அவர் ஒரு சீட்டுகூடத் தப்பா போட்டதில்ல" என்றாள்.
நாளைக்கு வெள்ளிக்கிழமை.

மே 9
மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். தலைவர் தாளை அவர் பக்கம் தள்ளினார். மாமா அதைப் படித்தார், மறுபடியும் படித்தார். பிறகு பையிலிருந்து எடுத்தார் — பென்சில். கையெழுத்துப் போடுவதற்கும் அவரிடம் அதுதான் இருந்தது.
"சார், அவர் இல்ல. நான்தான். நான்தான் மாத்தி எழுதினேன். அழகா இருக்கணும்னு... தண்ணில நனைச்சுப் பாத்தேன் சார், அழியல—" மீதியை அழுகை முழுங்கிவிட்டது.
மாமா என்னைப் பார்க்கவே இல்லை. பென்சிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். தலைவர் சித்தியிடம், "சின்னப் பிள்ளைய உள்ள விட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

மே 10
வீடு. தம்பிகூட வம்புக்கு வரவில்லை.

மே 13
நாலு ஜாடியும் கணக்கில் சேராதாம். மறுபடியும் கடலுக்குப் போய்ச் சேறு அள்ள வேண்டுமாம், அறிக்கை மூன்று வாரம் தள்ளிப்போகிறது. தாமதத்துக்குக் காரணம் சொல்லிச் சித்தி எழுதிய கடிதத்தை அவள் வீட்டு மேஜையில் பார்த்தேன். 'பிழை ஆய்வகத்தில் நேர்ந்தது, படகில் அல்ல. பொறுப்பு என்னுடையது.' என் பேர் எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் தேவலாம் என்று தோன்றியது.

மே 27
"கிளம்பு" என்றாள் சித்தி. எங்கே என்று கேட்கவில்லை.
ஆய்வகத்து மேஜையில் நாலு புது ஜாடிகள். சேறு இன்னும் தெளியவில்லை. பக்கத்தில் மாமா, வெயிலில் கருத்துப்போய் நின்றார். நான் கதவோரத்திலேயே நின்றுவிட்டேன்.
"பேனா எங்க?"
"வீட்ல, மாமா."
"அங்கயே இருக்கட்டும். வா, நான் சீட்டைப் படிக்கிறேன், நீ நோட்ல ஏத்து." தன் பென்சிலை நீட்டினார். பிறகு முதல் ஜாடியைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். "அட, இது என்ன எழுதியிருக்கேன்..."
நான் எட்டிப் பார்த்தேன். என்னால் படிக்க முடிந்தது.