கேப்பைத் தட்டில் ஊற்றிய கஞ்சி

திண்டிவனம்,
மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்த வாரம்

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா சொல்லிக்கொள்வதும், அதைத் தங்கை வெனிலா எழுதிக்கொள்வதும். இயேசுவுக்கே புகழ். இங்கே உடம்பளவில் நாங்கள் மூன்று பேரும் நலம், மனசளவில் இரண்டு பேர்தான் நலம், மூன்றாவது யார் என்று போகப்போகத் தெரியும். ராஞ்சிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்து கடையில் கிடப்பதால் இந்த எழுத்து வேலை என் தலையில் விழுந்தது. உங்கள் கன்னியர் மடத்தில் போன் கிடையாது, வருகிற கடிதத்தையும் மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார் என்று சொல்லியிருக்கிறாய். மதருக்குத் தமிழ் தெரியாது என்பது ஆண்டவர் எனக்குச் செய்த தனிப்பட்ட உபகாரம்.

உன் போன கடிதத்தை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உன்னோடு பயிற்சியில் இருக்கிற அந்த ஒரிசாப் பெண் தினமும் உனக்கு முந்திக் கோயிலுக்குள் போய் முழங்கால் போடுகிறாள், அதனால் நீ அவளுக்கு முந்தி எழுந்திருக்கிறாய், அதற்கு முந்தி அவள் எழுந்திருக்கிறாள், இப்போது இரண்டு பேரும் மணி அடிக்கிற சிஸ்டருக்கே முந்திவிட்டீர்கள் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அம்மா கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாங்க. மோர் கெட்டுப்போனால் சுளிப்பாங்களே, அந்தச் சுளிப்பு. ஜெபத்துலயும் ரேஸ் வுட்டுக்கினு இருக்காளா இவ, அங்க யாருடி மார்க் போடறது, அப்பன் புத்தி அப்படியே வந்துருக்குது, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் போட்டியில நடந்த அசிங்கத்த ஒண்ணு வுடாம எழுது, அவளுக்கு உறைக்கட்டும்னு சொன்னாங்க. நானாக எழுதவில்லை அக்கா, உத்தரவு.

போன வருஷம் நம்ம பங்குக் கோயிலில் வீட்டுக்குடில் போட்டி வைத்தார்கள் இல்லையா, அதில் பக்கத்து வீட்டு சவுரிராயன் சித்தப்பா முதல் பரிசு வாங்கினார், நமக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. அப்பாவுக்கு அந்த டப்பா தொண்டையில் மாட்டிக்கொண்டது. இந்த வருஷம் கார்த்திகை மழை நிற்பதற்கு முன்னாலேயே பட்டறையில் வெல்டிங் வேலையை ஓரங்கட்டிவிட்டு இரும்பில் தொழுவம் அடிக்க ஆரம்பித்துவிட்டார், மாடே கட்டலாம், அவ்வளவு பலம். விழுப்புரம் போய் சீரியல் லைட் வாங்கினார், பிறகு அதைவிடப் பெரிசு வாங்கத் திரும்பவும் விழுப்புரம் போனார். வீடூர் அணையிலிருந்து உயிரோடு ஜிலேபி மீன் கொண்டுவந்து குடிலுக்குள் குளம் கட்டி விட்டார். பெத்லகேம்ல ஏதுப்பா ஜிலேபின்னு கேட்டேன், புள்ள பொறந்தா ஸ்வீட்டு வேணாமான்னு நானே பதிலும் சொன்னேன், சிரிக்கவில்லை. மாற்கு எழுதியது நற்செய்தி, நடுவர் எழுதுகிற மார்க்குதான் அப்பாவுக்கு வேதம் என்று சொன்னதற்கு ஸ்பேனர் பறந்து வந்தது. அதோடு நான் ஜோக்கை நிறுத்திவிட்டேன்.

குடிலில் வயல் மாதிரிப் பச்சையாக வைக்கத் தட்டில் கேப்பை விதைப்பது இத்தனை வருஷமும் உன் வேலை. நீ போய்விட்டாய், எனக்கு விதைத்தது எதுவும் முளைப்பதில்லை, பள்ளிக்கூடப் படிப்பு உள்பட. காணை கிராமத்திலிருந்து மாமா கேப்பையும் மல்லாட்டைக் கடலையும் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் பார்த்ததும் சித்தப்பாவின் மகள் கலைப்பிரியா, இப்போது மூன்றாவது படிக்கிறாள், இளவரசி அக்கா இல்லன்னா என்னா பெரியம்மா, உங்க குடிலுக்கும் நானே விதைக்கிறேன்னு விதையை வாங்கிப்போனாள். அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். லைட்டு வாங்க விழுப்புரத்தில் இருந்த அப்பாவுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் மாடியில் வெயில் நன்றாக விழும் என்று எல்லாத் தட்டையும் அங்கேயே அடுக்கினாள். நமக்கு எடுத்துக்கொடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நம்ம தட்டுகளை நம்ம பக்கத்துக் கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்தாள்.

நம்ம மாடியில் லைட்டு கட்டிக்கொண்டிருந்த அப்பா அந்தப் பச்சையைப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாவைத் தவிர எல்லாரும் கேரல்ஸ் பாடக் கோயிலுக்குப் போயிருந்தோம். நாங்கள் திரும்பி வந்தபோது அடுப்படியில் கஞ்சிப் பானை பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருந்தது. சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாத மனுஷன் பானை கழுவியிருக்கிறார் என்றதும் அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, ஆனால் எதற்குக் கழுவினார் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கலைப்பிரியா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேப்பைப் பயிர் வெந்து, கொழகொழவென்று பூஞ்சை படிந்து, அதன்மேல் எறும்பு மொய்த்து, புளித்த கஞ்சி வாடை வாசலிலேயே ஆளைத் தள்ளியது. தேம்பித்தேம்பி, பெரியப்பா உங்க தட்டு அழுவிப்போச்சு, எங்களுது மட்டும் நல்லாருக்குது, நான் ஒண்ணும் பண்ணல பெரியப்பான்னு சொன்னாள். அப்பா முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்க்காமல் இருந்ததே நல்லது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே எனக்கு எதுவும் தெரியாது என்றார். அம்மா பானையைப் பார்த்தாங்க, அப்பாவைப் பார்த்தாங்க. 

அதற்குமேல் நடந்ததுதான் மோசம். விஷயம் தெரியாத சவுரிராயன் சித்தப்பா, குடில்ல பச்சை இல்லன்னா நல்லாவா இருக்கும் அண்ணே, எங்களுதுல பாதி எடுத்துக்குங்கன்னு தானே வந்து தட்டைக் கொடுத்தார். அப்பா அதை வாங்கினார். வாங்கி, வரப்பு கட்டி, நடுவில் பொம்மை உழவனை நிறுத்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்து அழகு பார்த்தார். சித்தப்பா வீட்டுக் குடில் ஒரு பக்கம் மொட்டை. நடுவர்கள் வந்தார்கள், நமக்கு முதல் பரிசு, ஒரு டேபிள் ஃபேன். புத்தாண்டுப் பூசையில் அறிவிக்கிறவரை குளத்தைக் கலைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்ததால் மீனெல்லாம் செத்து மிதந்து, சாம்பிராணியும் மீன் நாற்றமும் கலந்து குழந்தை இயேசுவே மூக்கைப் பொத்திக்கொள்கிற நிலைமை. அந்த நாற்றத்துக்குள் நின்றுகொண்டு அப்பா ஃபேனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அம்மா சோறு போட்டாங்க, பேசவில்லை. அப்பா இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் போவாங்க. போட்டின்னா முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும் என்று அப்பா ஒருநாள் சுவரிடம் சொல்லிப் பார்த்தார். போட்டி போடக்கூடாது என்று அம்மா சொல்லவில்லை அக்கா, இதை அடிக்கோடு போட்டு எழுதச் சொன்னாங்க. இரும்புத் தொழுவம் அடிச்சது வரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான், ராத்திரிப்பகலா மனுஷன் உழைச்சாரு, நம்மளுத நல்லாக்கறதுக்கு எவ்ளோ வேணா பாடுபடட்டும், அடுத்தவன் தட்டு மேல கண்ணு போச்சு பாரு அங்கதான் கெட்டுது என்றாங்க. கலைப்பிரியா தன் கைக்கு ராசி இல்லை என்று முடிவு கட்டி ரோஜாச் செடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்கிறாளாம். அவள் அம்மா அன்புச்செல்வி சித்தி வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னாங்க. அம்மாவுக்குத் தாங்கவில்லை. அப்பா அதற்குள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கிவிட்டு, குளித்து வந்தவர் மாதிரி சுத்தமாக உட்கார்ந்திருந்தார். அம்மா முதல்முறையாக வாய் திறந்து, சாமியாரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு, அதான் அங்க போய் சொன்னீங்க, அந்தப் புள்ள இன்னும் தன் கையத்தான் பார்த்துக்கினு இருக்குதுன்னு சொன்னாங்க.

மூன்று ராஜாக்கள் அன்று குடிலைப் பிரித்தோம். அப்பா போய் கலைப்பிரியாவை வாசலுக்குக் கூப்பிட்டார். சித்தப்பா, சித்தி எதிரிலேயே, உன் கை நல்ல கைதாம்மா, சுடு கஞ்சிய ஊத்துனது நான்தான், உங்க வீட்டுதுன்னு நெனச்சி ஊத்திட்டேன்னு சொன்னார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, எங்க குடிலு அவ்ளோ நல்லாவா இருந்துச்சு பெரியப்பான்னு கேட்டாள். ஆமாம்மா, எங்களுதவிட நல்லாருந்துச்சு என்றார். அப்ப ஃபேனு எங்களுதுதானே என்றாள். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய் நீட்டினார். சித்தப்பா வாங்கிக்கொண்டார், கதவைச் சாத்திவிட்டார். தினமும் சாயங்காலம் டீக்கு வருகிறவர் அன்றிலிருந்து வரவில்லை. அப்பா அந்த நேரத்துக்கு இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறார்.

அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது, அந்த ஒரிசாப் பெண் முதலில் போகட்டும், நீ மணி அடித்த பிறகு எழுந்து போய் உன் இடத்தில் முழங்கால் போடு, அவளை எட்டிப் பார்க்காதே. முடிந்தால் அவளுக்கு என்ன கவலை என்று கேள், அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறவளுக்குத் தூக்கம் வராத காரணம் ஏதாவது இருக்கும். கம்பளிச் சாக்ஸைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். மல்லாட்டை உருண்டை பார்சலில் வருகிறது, அவளுக்கும் கொடு, எண்ணிப் பார்த்துக் கொடுக்காதே. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். சேர்க்கட்டுமா என்று கேட்டேன், அம்மா யோசித்துவிட்டுச் சரி என்றாங்க. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், மேலும் உறுதியான மனசு கொடுக்கட்டும்.

இன்று காலை கலைப்பிரியா விதை கேட்டு வந்தாள். கிறிஸ்துமஸ் முடிஞ்சிபோச்சே என்றேன், சும்மா பார்க்கறதுக்கு என்றாள். அப்பா ஓடிப்போய் ஒரு கை நிறைய கேப்பை அள்ளிக்கொண்டு வந்தார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பெரியம்மா குடுக்கட்டும் என்றாள். அப்பா அந்தக் கேப்பையை அம்மா கையில் கொட்டினார், அம்மா அவளுக்குக் கொடுத்தாங்க.

இப்படிக்கு,
உன் அம்மா அமல்ராணி
(கையெழுத்து மட்டும் அம்மாவுடையது, கண்ணாடி இல்லாததால் கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது)